எப்பவும் போலன்னா எத்தனை?

"ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாத்துவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எப்பவும் போலத்தானுங்."

"எப்பவும் போலன்னா எத்தனை?"

பதில் வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருசமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான். ஒரு பண்டலில் எத்தனை பீஸ், அதில் எத்தனை டேமேஜ், எத்தனை ஆயில் கறை, எத்தனை தையல் விட்டது என்று பொழுதுக்கும் எண்ணுவதுதான் என் பிழைப்பு. சாயங்காலம் கணக்குக் கேட்டால் தாளைப் பார்க்காமலே சொல்லுவேன். என் உடம்பிலிருந்து மாசாமாசம் எவ்வளவு போகிறது என்று கேட்டதற்கு மட்டும் முழித்தேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை" என்றார். விரல் விட்டு எண்ணினேன். இரண்டாம் நாள் கம்பெனிக்குக் கிளம்பும்போது ஒன்று, பதினோரு மணி டீக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, அப்புறம் ரெண்டு, வீட்டுக்கு வந்து ரெண்டு, ராத்திரி எழுந்து ரெண்டோ மூணோ. பத்து வந்தது. எனக்கே திக்கென்றது.

"கட்டி கட்டியாப் போகுதா?"

"ஆமாங்."

"அஞ்சு ரூபாக் காசு அளவு இருக்குமா?"

"அதுக்கு எச்சுங்."

ஏழு நாளைக்கு மேல் நீண்டாலோ, ஒரு நாப்கின் ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்குள் நனைந்து போனாலோ, அஞ்சு ரூபாய்க் காசை விடப் பெரிய கட்டிகள் விழுந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுந்து மாற்ற வேண்டியிருந்தாலோ அது அதிகப்போக்கு என்றார். இதில் ஒன்று இருந்தாலே வந்து காட்டியிருக்க வேண்டுமாம். எனக்கு நாலும் இருந்தது. நாலு வருசமாக இருந்தது.

ஏன் அத்தனை நாள் போகவில்லை என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் ஆஸ்பத்திரி வாசல் மிதிப்பதில்லை. ஊத்துக்குளிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் வளர்ந்தவள் நான். வீட்டுக்குத் தூரம் என்றால் ஆசாரத்துக்கு, அதாவது நடுக்கூடத்துக்கு வரக்கூடாது, மூணு நாள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் தனி வட்டல், தனிப் பாய். மூணாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் கதை முடிந்தது. எத்தனை நாள் தீட்டு என்பதற்குத்தான் கணக்கு உண்டு, எவ்வளவு ரத்தம் என்பதற்குக் கிடையாது. ஆத்தாவிடம் வயிறு வலிக்கிறது என்றால் வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுப்பாள். "பொம்பளைன்னா அப்பிடித்தான் கண்ணு" என்பாள். அவளைக் குறை சொல்லி என்ன, அவளுக்கு அவள் அம்மா சொன்னது அது.

கம்பெனியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏற்றுமதி ஆர்டர், எல்லாம் வெள்ளை டீ-சர்ட். ஷிப்மென்ட் நெருக்கம். ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரைக்கு இறங்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும், டோக்கன் ஒரு லைனுக்கு ரெண்டுதான். அதற்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. மதியத்துக்கு மேல் அடிவயிறு முறுக்கியது. கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தேன், ஸ்டூலில் பட்டிருந்தது. பக்கத்து டேபிள் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் டேமேஜ் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புச் சட்டையை உருவி என் இடுப்பில் கட்டிவிட்டாள். ஸ்டூலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, "நீ போ, உன் பண்டலை நான் பாத்துக்கறேன்" என்றாள். முன்னால் கிடந்த வெள்ளைக் குவியலில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய நிம்மதி. நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது.

சூப்பர்வைசர் டிராயரைத் திறந்து ஒரு மாத்திரையைக் கையில் வைத்தார். அட்டை இல்லை, பேர் இல்லை. முழுங்கிவிட்டு நின்றேன். 2019இல் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் பெண்களுக்கு இப்படிப் பேர் தெரியாத வலி மாத்திரை கொடுப்பது செய்தியாக வெளிவந்தபோது, அடடா, இது எங்கள் கம்பெனியில் மட்டும் இல்லையா என்று தோன்றியது. இன்றைக்கு யார் கொடுத்தாலும் அட்டையைக் காட்டுங்க என்று கேட்டு, பேரைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறேன். ஆஸ்துமா, வயிற்றுப் புண், கிட்னிக் கோளாறு இருக்கிறவர்கள் சில வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. டிராயரைத் திறக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

கடைசியில் என்னை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது சென்னிமலை முருகன் கோயில். 1320 படி. கல்யாணமான புதிதில் ஒரே மூச்சில் ஏறுவேன். அந்த வருசம் கால்வாசி ஏறுவதற்குள் காதில் இரைச்சல், கண் இருட்டு, நெஞ்சு டமடமவென்று அடித்தது. என்னை விட இருபது வயசு மூத்த மாமியார் மேலே போய் நின்றுகொண்டு, "என்ன அம்மணி, பொழுதோட வருவியாட்ட இருக்குது" என்று கேட்டார்.

இன்னொரு கூத்து பச்சரிசி. அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேன். அரிசி தின்றால் கல்யாணத்தன்றைக்கு மழை வரும் என்பார்கள். கல்யாணம் ஆகிப் பதினாறு வருசம் கழித்து எந்த மழைக்கு? டாக்டரம்மா தானாகவே, "அரிசி, சாம்பல், சுண்ணாம்பு, ஐஸ் கட்டி, இந்த மாதிரி ஏதாவது திங்கத் தோணுதா?" என்று கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. இரும்புச் சத்து குறைந்தால் அப்படித் தோன்றுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.2. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே சோகை. எனக்கு ஒருத்திக்கு மட்டும் வந்த சீக்கு இல்லை இது: 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. எங்கள் லைனில் எத்தனை பேர் அரிசி மெல்கிறார்கள் என்று அப்புறம் கேட்டுப் பார்த்தேன். ஆறு பேர் சிரித்தார்கள், மூணு பேர் ஒத்துக்கொண்டார்கள்.

இந்த டாக்டரம்மாவிடம் வருவதற்கு முன்னால் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ரெண்டரை சென்டிமீட்டர் நார்க்கட்டி இருந்தது. பார்த்த மாத்திரத்தில், "ரெண்டு பிள்ளை இருக்கில்ல, எடுத்துடலாம்" என்றார்கள். ஒறம்பரை மொத்தமும் அதையே சொன்னது. பெரிய நங்கையா எடுத்தாச்சு, சின்ன மாமி எடுத்தாச்சு, கர்ப்பப்பை என்னமோ வேலை முடிந்து பரணில் ஏற்றுகிற குத்துவிளக்கு மாதிரி. தேதி குறித்து, முன்பணம் கட்டப் போகிற நேரத்தில் இடுப்பில் சட்டை கட்டிவிட்ட அதே அக்காதான், "இன்னொருத்தருகிட்டக் காட்டிட்டு அறுத்துக்க, இப்ப என்ன அவசரம்?" என்றாள். அப்படித்தான் அரசு மருத்துவமனை வரிசையில் போய் நின்றேன்.

அங்கே ஸ்கேன் தாளை டாக்டரம்மா ரெண்டு தடவை படித்தார். கட்டி கர்ப்பப்பையின் வெளிச்சுவரில் இருக்கிறது, இந்த இடத்தில் இருக்கிற சின்னக் கட்டியால் பெரும்பாலும் ரத்தம் அதிகம் போகாது, உள்வரியை ஒட்டி இருந்தால்தான் அந்தத் தொல்லை என்றார். கட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு 43 வயது என்பதால் உள்வரியில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. தைராய்டு பார்த்தார். டிஎஸ்எச் என்கிற அளவு 14, இருக்க வேண்டியதை விட அதிகம், தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று அர்த்தமாம். தைராய்டு சுரப்பது குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகப் போகும், உடம்பு வீங்கும், சோம்பலாக இருக்கும், எல்லாமே என்னிடம் இருந்தது. நான்தான் அதற்கு வயசாச்சு என்று பேர் வைத்திருந்தேன்.

மூன்று மருந்து. விடிகாலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அதிகம் போகிற நாட்களில் மட்டும், அதுவும் அஞ்சு நாளுக்கு மிகாமல், டிரானெக்சாமிக் ஆசிட். இதை எழுதும் முன் காலில், நெஞ்சில் எப்போதாவது ரத்தம் உறைந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் இரும்பு மாத்திரை. இவற்றுக்கு அடங்காவிட்டால் ஹார்மோன் சுரக்கும் சின்னக் கருவியைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம், ஆபரேஷன் அதற்கும் பின்னால்தான் என்றார்.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மறந்துவிடுவேன் என்று தைராய்டு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு, காலையில் ரெண்டையும் சேர்த்து முழுங்கி, கையோடு ஒரு டம்ளர் டீயும் குடித்தேன். ரெண்டு மாசம். ஹீமோகுளோபின் 7.2இலிருந்து 7.6க்கு வந்தது. டாக்டரம்மா டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இரும்பு மாத்திரை தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. டீயும் காப்பியும் இரும்பைச் சேரவிடாது. இரண்டு மாத்திரைக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது வேண்டும். இப்போது என் கணக்கு: அஞ்சரைக்குத் தைராய்டு மாத்திரை, ஆறரைக்கு டீ, மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து இரும்பு, கூடவே அரை எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர். சாயங்கால டீயை அஞ்சு மணிக்குத் தள்ளிவிட்டேன். மலம் கறுப்பாகப் போகும், மருந்தினால்தான், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும். முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு எல்லாம் சாப்பிடுகிறேன்தான், ஆனால் ஏழில் கிடக்கிற ரத்தத்தைப் பேரீச்சம்பழம் தின்றே ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறு மாசத்தில் 11.4 ஆனது. அரிசி மெல்வது மருந்தைச் சரியாகப் பிடித்த பிறகு தானாக நின்றுவிட்டது. எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

ரத்தக் கதை இத்தோடு. கோபக் கதை வேறு.

மாசத்தில் ஒரு வாரம் நான் நானாக இருக்க மாட்டேன். மார்பு கல்லாட்டம் கனக்கும், தொட்டால் வலிக்கும். விரல் மோதிரம் இறுகும். ராத்திரி மூணு மணிக்கு விழிப்புத் தட்டிவிடும். ஒரு நாள் பெரியவள் ரசத்தில் உப்பில்லை என்றாள். ரசப் போசியை அப்படியே எடுத்து வாசலில் வீசினேன். போசி உருண்டு போய்க் கட்டுத்தறியில் எருமை காலடியில் நின்றது. யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர் மட்டும் மெதுவாக, "எருமைக்கு உப்புப் பத்துதான்னு கேட்டுச் சொல்லு" என்றார். அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ராத்திரி முழுக்க அழுதேன். நாலு நாள் கழித்துத் தூரமானேன். அடுத்த ரெண்டாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி துவைத்தேன்.

டாக்டரம்மா இதற்கும் எண்ணிக்கைதான் கேட்டார். "ரெண்டு மூணு மாசம் தினமும் குறிச்சு எடுத்துட்டு வாங்க, ஞாபகத்துல சொல்லாதீங்க." நூல் கடையில் கொடுத்த மாசக் காலண்டரில் குறித்தேன். கோபம் வந்தால் 'கோ', அழுகை 'அ', தூக்கமில்லை என்றால் 'தூ', மார்வலி 'மா'. தூரமான நாளுக்குச் சிவப்பு வட்டம். மூணு மாசத்தில் பத்தொன்பது 'கோ'. அதில் பதினாலு, வட்டத்துக்கு முந்தைய ஏழு நாளுக்குள் கிடந்தது. மீதி அஞ்சு நடுமாசத்தில். அந்த அஞ்சும் என்ன சண்டை என்று யோசித்துப் பார்த்தேன். அஞ்சுமே நியாயமான சண்டை.

கருமுட்டை வெளிவந்த பிறகு வரும் ரெண்டு வாரத்தில் தலைகாட்டி, ரத்தம் கண்ட சில நாளில் அடங்கி, அப்புறம் ஒரு வாரமாவது தெளிவாக இருந்தால் அது மாதவிலக்குக்கு முந்தைய தொல்லை. மாசம் பூராவும் இருந்தால் அது வேறு, தைராய்டையோ மன அழுத்தத்தையோ தேட வேண்டும். ஹார்மோன் கூடிப்போய் வருவதும் இல்லையாம். எல்லாருக்கும் ஏறி இறங்குகிற அதே ஹார்மோன்தான், சிலர் மூளை அதற்குக் கூடுதலாகச் சிணுங்குகிறது. எனக்கு இதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது. குணம் கெட்டவள் என்று நானே எனக்கு முத்திரை குத்தி வைத்திருந்தேன்.

என்ன செய்தேன் என்றால், அந்த வாரம் ஒன்றரை ஷிப்ட் எடுப்பதில்லை. சனிக்கிழமை சம்பளத்தில் குறையும், குறையட்டும். மூணு காப்பியை ஒன்றாக்கினேன், அதுவும் காலையில் மட்டும். அப்பளம், ஊறுகாய் அந்த வாரம் வேண்டாம். பசித்து வயிறு காய்ந்தால் என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று கண்டுபிடித்ததால் நாலு மணிக்கு எள்ளுருண்டையோ வேகவைத்த தட்டப்பயறோ டிபன் டப்பாவில் இருக்கும். சுண்ணாம்புச் சத்து உதவும் என்றதால் காலையில் ராகிக் கூழ், 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. பொழுதோட இட்டேரியில் அரை மணி நேரம் நடை. இதில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. மூன்றாம் மாசம்தான் வித்தியாசம் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் வந்த கசாயம் ஒன்றையும் குடித்துப் பார்த்தேன், நெஞ்செரிச்சல் வந்தது.

காலண்டரால் ஒரு கெடுதலும் வந்தது. வீட்டுக்காரருக்குத் தேதி தெரிந்துபோயிற்று. நான் வாயைத் திறந்தாலே, "தேதி வந்துருச்சாட்ட இருக்குது" என்று எழுந்து போய்விடுவார். என்னைக் கேட்காமல் பங்காளிக்கு நாற்பதாயிரம் கைமாத்துக் கொடுத்ததைக் கேட்டபோதும் அதே பதில். அன்றைக்குப் போசியைத் தூக்கவில்லை. காலண்டர் பின்னால் 'பங்காளி 40,000' என்று எழுதி வைத்தேன். தூரமான பத்தாம் நாள், மனசு தண்ணீர் மாதிரி தெளிந்த நாளில், சாப்பாடு போட்டு முடித்து, "ஏனுங், அந்தப் பணம் எப்ப வருமுங்?" என்று கேட்டேன். அவரால் தேதியைச் சொல்ல முடியவில்லை. அந்த வாரத்தில் தோன்றுகிற சங்கடம் எல்லாம் பொய் இல்லை, மற்ற மூணு வாரம் முழுங்கிக்கொண்டிருந்ததுதான் அப்போது வெளியே வருகிறது. எழுதி வைத்துப் பத்தாம் நாள் எடுத்துப் பார்க்கிறேன். பாதி கரைந்திருக்கும். கரையாததைப் பேசித் தீர்க்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

தாராபுரம் பக்கத்து ஒறம்பரைப் பிள்ளை ஒருத்திக்கு இது கூழாலும் நடையாலும் அடங்கவில்லை. மாசாமாசம் அந்த நாட்களில் செத்துப்போகலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். பேய் என்று கயிறு கட்டினார்கள். மனநல மருத்துவரிடம் போன பிறகுதான் இதே தொல்லையின் கடுமையான வடிவம் என்று தெரிந்தது. மாசத்தின் பின்பாதியில் மட்டும் சாப்பிடும்படி மாத்திரை கொடுத்தார்கள், இப்போது காலேஜ் போகிறாள். அந்த மாதிரி எண்ணம் வந்தால் காலண்டர் குறித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

பெரியவளுக்கு என்னைப் போல அதிகப்போக்கு இல்லை, வலிதான். முதல் நாள் சுருண்டு படுத்துவிடுவாள். வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போட்டால் பாதிதான் கேட்கும். கர்ப்பப்பையை முறுக்குகிற புரோஸ்டாகிளாண்டின் என்கிற பொருள் ஊறுவதையே மெஃபனமிக் ஆசிட் மாதிரி மாத்திரை தடுக்கிறது, அதனால் வலி தலைகாட்டும்போதே, வயிற்றில் சோறு இருக்கும்போது, டாக்டர் சொன்ன அளவில் போட வேண்டும். 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் இந்த மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது: அபூர்வமாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டு வரலாம், வந்தால் நிறுத்திவிட்டு ஓட வேண்டும். அவள் முதலில் வெந்நீர்ப் பையை வைத்துப் பார்க்கிறாள். பல மாசம் அதுவே போதுமாக இருக்கிறது.

துணி பற்றியும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூர் முருகானந்தம் மலிவு நாப்கின் மெஷின் செய்து 2016இல் பத்மஸ்ரீ வாங்கிய ஊர்ப்பக்கம் இது. இருந்தும் எங்கள் லைனில் பாதிப் பேர் இன்னும் கட்டிங் வேஸ்ட் பனியன் துணிதான் வைக்கிறார்கள். துணி தப்பில்லை. அதைச் சேலைக்கு அடியில் ஒளித்து நிழலில் காயப்போடுவதுதான் தப்பு. சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் காயட்டும், யார் பார்த்தால் என்ன?

காலண்டர் இப்போது சமையலறைச் சுவரில் தொங்குகிறது. எனக்குச் சிவப்பு வட்டம், பெரியவளுக்குப் பச்சை. போன தை நோம்பிக்கு அடுத்த வாரம், மாமியார் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அவருக்கு 63 வயது. மாதவிலக்கு நின்று பன்னிரண்டு வருசம்.

"என்னுங் அத்தை?"

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "எனக்கும் ஒரு வட்டம் போடோணும் அம்மணி" என்றார். "ஆடியில ஒருக்கா பட்டுச்சு. கார்த்திகையில ஒருக்கா. இப்ப மறுக்காவும். சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

மாதவிலக்கு நின்று ஒரு வருசம் கழிந்த பிறகு ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே காட்ட வேண்டும். புற்றாகவும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். டாக்டரம்மா எனக்கு இதை முன்பே சொல்லியிருந்தார். மூணு தேதியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு விடிகாலை முதல் பஸ்ஸில் ரெண்டு பேரும் போனோம். ஸ்கேன் எடுத்து, உள்ளேயிருந்த சின்னச் சதை வளர்ச்சியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான். புற்று இல்லை என்று தாள் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அந்த டாக்டரு கேட்டுச்சு பாரு, எத்தனை தடவைன்னு" என்றார். "நீ தாளைக் குடுத்ததுனால ஆச்சு. இல்லீனா எப்பவும் போலத்தான்னுதான் நானும் சொல்லியிருப்பன்."